முழங்காலுக்குப் பயிற்சி அளித்த வரலாறு

இதயத்துக்கு ஆஸ்பத்திரி கட்டியவர்கள் உண்டு. கண்ணுக்கு முகாம் போட்டவர்கள் உண்டு. ஆனால் முழங்காலுக்கென்று தனி அலுவலகம், அதுவும் சுழல் நாற்காலியோடு, திறந்து வைத்த பெருமை இந்த உலகத்தில் எங்கள் சங்கரன்கோவிலுக்கு மட்டும்தான் உண்டு. இதைச் சொல்லும்போதே எனக்கு மெய்சிலிர்க்கிறது. எங்கள் ஊர் அம்மனே ஒற்றைக்காலில் நின்று தபசு செய்தவள். ஆடித்தபசுத் திருவிழா வந்தால், அவள் கால்வலியில் நாமும் கொஞ்சம் வாங்கிக்கொள்வோம் என்று கோயிலைச் சுற்று சுற்றென்று சுற்றிவிட்டு, மறுநாள் மருந்துக் கடைக்கு நொண்டிக்கொண்டு போகிறவர்கள் நாங்கள். 'மூட்டுநல மேம்பாட்டுத் திட்ட அலுவலகம்' இங்கே வராமல் வேறு எங்கே வரும்?

அந்த அலுவலகத்தில் நான் உதவியாளர். யாருக்கு உதவி என்பது இன்னும் முடிவாகவில்லை. எங்கள் திட்ட அலுவலர் கோமதிசங்கர் சார். 'பிசியோதெரபி ஆய்வின் பயனை அடித்தட்டு மக்களின் மூட்டுவரை கொண்டு செல்வோம்' என்று வாசலில் எழுதி வைத்தவர் அவர்தான். உள்ளே ஓர் உடற்பயிற்சி அறையும் உண்டு. சைக்கிள், ரப்பர் பட்டை, ஏறி இறங்க மரப்படி எல்லாம் வந்து இறங்கியிருந்தன. பொருள்களின் பாதுகாப்பு கருதி அறையைப் பூட்டி, சாவியைக் கோமதிசங்கர் சார் சட்டைப் பையில் வைத்திருந்தார். சைக்கிளின் மேல் இருந்த பாலிதீன் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. அரசாங்கப் பொருளை இவ்வளவு மரியாதையாக வைத்திருந்த இன்னோர் இடத்தை நான் பார்த்ததில்லை.

இப்படிச் சிறப்பாக நடந்துகொண்டிருந்த அலுவலகத்துக்கு பிசியோதெரபிஸ்டாக ஷமீரா வந்து சேர்ந்தார். தினமும் புளியங்குடியிலிருந்து பஸ்ஸில் வருவார். நல்ல பெண்தான். ஒரே ஒரு கெட்ட பழக்கம், படிப்பது. வேலை கிடைத்த பிறகும் படிக்கிற ஆளை நான் அதுவரை கண்டதில்லை. முழங்காலைப் பற்றி எந்த நாட்டில் எந்த ஆய்வு வந்தாலும் செல்போனில் தேடிப் படித்துவிட்டு, எங்களிடமும் சொல்லுவார். நாங்கள் பொறுத்துக்கொண்டோம்.

ஆனி மாதத்தில் ஒரு நாள் முத்துமாரி என்ற அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். விசைத்தறி ஓட்டுகிறவர். தறிக்கூடத்தில் எண்ணெய் சிந்திக் கிடந்த இடத்தில் வழுக்கி விழுந்து முழங்கால் பிசகிவிட்டது. எலும்புக்கு ஒன்றும் இல்லை. கட்டுப் போட்டு, ஓய்வு எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். சொன்ன சொல் தட்டாத மனுஷி, எடுத்தார். கடைசியில் முழங்கால் ஓய்வு பெற்றேவிட்டது.

"ஆடித்தபசு வரைக்கும்தான் தறிய எனக்குன்னு வச்சிருப்பேன்னு மொதலாளி சொல்லிட்டாவ டாக்டரம்மா" என்றார் முத்துமாரி. "அதுக்குள்ள நின்னு ஓட்டலைன்னா வேற ஆளப் போட்டுருவாவ. தறியில உக்காந்து பாக்குற வேலை கெடையாது."

ஷமீரா காலை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார், தொடையை அழுத்திப் பார்த்தார்.

"ஜவ்வு லேசா இழுபட்டதுதான் அக்கா. ஆறிட்டு வருது. தொடைச் சதைதான் சும்மா இருந்து மெலிஞ்சிட்டு. முன்னால எல்லாம் அசைக்காத, படுத்துக்கோன்னு சொல்லுவாவ. இப்ப ஆராய்ச்சி பண்ணிப் பாத்துட்டாவ. கொஞ்சம் வலிச்சாலும் அளவா அசைக்கணும், பாரம் குடுக்கணும், கூட்டிக்கிட்டே போகணும். தபசுக்குள்ள உங்கள நிக்க வச்சிரலாம்."

"நெசமாவா சொல்லுதீங்க?"

"நெசமாத்தான் சொல்லுதேன்."

அந்த அம்மாளின் முகத்தில் அப்போது வந்த சிரிப்பைப் பார்த்து, எனக்கே ஒரு நிமிஷம் வேலை செய்யலாம் போல இருந்தது.

அறையைத் திறக்க அனுமதி வேண்டுமென்று ஷமீரா ஒரு குறிப்பு எழுதினார். 'மூட்டுவலிக்கு ஓய்வைவிட எக்சர்சைஸே சிறந்தது என்பது ஆய்வு முடிவு. உடனே எக்சர்சைஸ் தொடங்க வேண்டும்.' அலுவலகக் குறிப்பில் ஆங்கிலமா? எக்சர்சைஸை அடித்துவிட்டு இரண்டு இடத்திலும் 'பயிற்சி' என்று அழகாகத் திருத்திக் கொடுத்தேன். தமிழுக்கு என்னால் ஆன தொண்டு.

கோமதிசங்கர் சார் அதைப் படித்தார். முகம் மலர்ந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார்.

"பயிற்சி. ஆராய்ச்சியிலயே சொல்லிட்டானா? நான் சர்வீஸ் பூரா இதத்தான சொல்லிக்கிட்டு இருக்கேன். எந்தப் பிரச்சினைன்னாலும் ஒரு பயிற்சி போட்டாச் சரியாயிரும். மண்டபம் பிடிங்க. பேனர் அடிங்க. பை, பேனா, மத்தியானத்துக்குச் சாப்பாடு."

"சார், இது அந்தப் பயிற்சி இல்ல" என்றார் ஷமீரா. "கால நீட்டி மடக்குற பயிற்சி."

"அதப் பத்தித்தாம்மா பயிற்சி குடுக்கப் போறோம்."

"முழங்காலுக்குக் குடுக்கணும் சார்."

"முழங்காலுக்கு நேரடியாக் குடுக்க விதியில எடமில்ல. அதோட உரிமையாளருக்குத்தான் குடுக்க முடியும்."

நிர்வாகம் என்றால் இதுதான். 'பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்றவர்களே உடற்பயிற்சி அறைக்குள் அனுமதிக்கப்படுவர்' என்று அன்றே பூட்டுக்குப் பக்கத்தில் ஓர் அறிவிப்பும் ஒட்டினோம். தொடக்கி வைக்கவும் சான்றிதழ் கொடுக்கவும் தென்காசியிலிருந்து இணை இயக்குநரை அழைப்பது என்று முடிவாயிற்று. ஆங்கிலத்தில் ஜாயின்ட் டைரக்டர், சுருக்கமாக ஜே.டி. பதவியின் பெயரிலேயே மூட்டை வைத்திருப்பவர். அவரை விட்டால் மூட்டுக்கு நாதி ஏது? ஆனால் அவருக்குத் தேதி ஒத்துவரவில்லை. ஒருமுறை ஆய்வுக் கூட்டம், ஒருமுறை கூட்டாய்வு, ஒருமுறை அவருக்கே இடுப்புப் பிடிப்பு. ஆனி முடிந்து ஆடி பிறந்தது.

இதற்கிடையில் அலுவலக வராந்தாவில் ஒரு 'ஒழுங்கீனம்' நடந்தது. முத்துமாரி பெஞ்சில் உட்கார்ந்து வலது காலை மெதுவாக நீட்டி, கொஞ்ச நேரம் அப்படியே பிடித்து, இறக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஷமீரா. கோமதிசங்கர் சார் பார்த்துவிட்டார்.

"என்ன பண்ணுதீங்க?"

"டாக்டரம்மா சொல்லிக் குடுத்த எக்சர்சைஸ் சார். இப்ப கொஞ்சம் இளகி வருது."

"பயிற்சி முடிக்காம எக்சர்சைஸ் பண்ணலாமா? நாளைக்கு மூட்டு கழண்டு கிழண்டு போச்சுன்னா யாரு பொறுப்பு?"

"அதெல்லாம் கழலாது சார்" என்றார் ஷமீரா.

"நீங்க பயிற்சி முடிச்சிட்டீங்களாம்மா?"

"நான் காலேஜ்ல படிச்சதே இதுதான சார்?"

"படிப்பு வேற, பயிற்சி வேற."

முத்துமாரி காதில் இதில் ஒரே ஒரு சொல்தான் விழுந்தது. கழண்டு போச்சுன்னா. மெல்லக் காலை இறக்கினார். வீட்டுக்குப் போய்த் தலையணையின் மேல் வைத்தார். அதற்குப் பிறகு அந்தக் காலை, கண்ணாடிப் பாத்திரம் மாதிரி காத்தார். ஷமீரா வேலை முடிந்து அவர் வீட்டுக்கே போய்க் கெஞ்சியும் பயனில்லை.

"சார் எம்புட்டுப் பெரிய ஆபீசரு. தெரியாமலா சொல்லுவாவ?" என்றாராம் முத்துமாரி.

அலுவலகத்தின் மேல் பொதுமக்களுக்கு இருந்த நம்பிக்கைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கடைசியில் பயிற்சியை முதலில் நடத்திவிடுவது, சான்றிதழை ஜே.டி. வரும்போது வைத்துக்கொள்வது என்று ஏற்பாடாயிற்று. தபசுக்கு முந்தின வாரம் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் பயிற்சி நடந்தது. கீழ் மண்டபத்தில் ஒரு பெண்ணுக்குச் சடங்கு விழா. மூட்டுவலிக்காரர்கள் எல்லோரும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டு, படியேறி வந்தார்கள். அன்றைக்கு நடந்த உருப்படியான எக்சர்சைஸ் அது ஒன்றுதான் என்று ஷமீரா சொன்னார். நான் அதை அறிக்கையில் சேர்க்கவில்லை.

காலையில் 'முழங்காலின் தோற்றமும் வளர்ச்சியும்'. மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு 'நெடுநேரம் உட்கார்ந்திருப்பதன் தீமைகள்'. இந்தத் தலைப்பில் கோமதிசங்கர் சாரே சாயங்காலம் வரை பேசினார். யாரும் அசையவில்லை.

நடுவில் முத்துமாரி கையைத் தூக்கினார். "சார், கால் மரத்துட்டு. கொஞ்சம் எந்திரிச்சு நின்னுக்கிடட்டுமா?"

"உக்காருங்கம்மா. இடையில எந்திரிச்சா பயிற்சி பாதிக்கும்."

உட்கார்ந்தார்.

தபசு வந்தது. அம்மனுக்குச் சுவாமி காட்சி கொடுத்ததைப் பார்க்க ஊர் முழுக்கத் தெருவில் நின்றது. முத்துமாரி வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வாணவேடிக்கைச் சத்தத்தைக் கேட்டார். முதலாளி கெட்டவர் இல்லை. சொன்ன கெடுவுக்கு மேலேயும் சில நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு தறியைப் பனவடலிசத்திரத்துப் பெண் ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார். கேள்விப்பட்டபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையாகத்தான் சொல்கிறேன்.

அதற்கடுத்த வாரம் ஜே.டி. வந்தார். சான்றிதழ் வழங்கும் விழா அலுவலக முற்றத்தில். முத்துமாரியின் பெயர் அழைக்கப்பட்டபோது அவர் எழ முயன்றார். முழங்கால் மடங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது. ஜே.டி. தங்கமான மனிதர். மேடையை விட்டுத் தானே இறங்கி வந்து சான்றிதழை அவர் மடியில் வைத்தார். எல்லோரும் கைதட்டினோம்.

கோமதிசங்கர் சார் மைக்கை நீட்டினார். "பயிற்சியினால என்ன பயன் கெடச்சுதுன்னு சொல்லுங்கம்மா."

"முழங்காலப் பத்தி இப்ப எல்லாம் தெரியும் சார்" என்றார் முத்துமாரி. "எந்த எலும்பு எங்கன இருக்கு, எந்த ஜவ்வு எதக் கட்டி நிக்குன்னு கேட்டா டக்குன்னு சொல்லிருவேன். எந்திரிச்சு நிக்கத்தான் முடியல."

மறுபடியும் கைதட்டல். இந்த அம்மாளுக்குப் புத்தாக்கப் பயிற்சி தேவைப்படலாம் என்று கோமதிசங்கர் சார் மைக்கிலேயே அறிவித்தார். ஜே.டி. மட்டும் கைதட்டவில்லை. குனிந்து அந்த முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தவர், பக்கத்தில் நின்ற ஷமீராவிடம் கேட்டார்.

"ஏம்மா, இது எங்கயாவது விழுந்ததுல பட்ட அடியா?"

"விழுந்த அடி எப்பமோ ஆறிட்டு சார்" என்றார் ஷமீரா. "இது பயிற்சியில பட்டது."