வியாழக்கிழமை விசில்

"ஸ்கோப் இன்னைக்குக் கிடையாதுங்க. அடுத்த வியாழக்கிழமை வாங்க" என்று சொல்லிவிட்டு, கவுண்டரில் இருந்த பெண் கோதண்டபாணியின் சீட்டில் இருந்த தேதியை அடித்து, பக்கத்திலேயே புதுத் தேதியை எழுதினாள்.

"டாக்டர் வரலீங்களா?" என்று கேட்டார் கோதண்டபாணி. கேட்டார் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். தண்ணீர் நின்றுபோன குழாயைத் திறந்தால் வருமே, அந்தச் சத்தம்தான் வந்தது.

"இன்னா கேட்டீங்க?"

மறுபடியும் கேட்டார்.

"டாக்டர் பாண்டிச்சேரிலேர்ந்து வந்து உக்காந்துக்கினுதான் இருக்காரு. ஸ்கோப் ரூம் ஸ்டாஃப் வரல. அந்த மெசினை அவங்களத் தவிர யாரும் தொடக் கூடாது."

"ஏன் வரல?"

"தெரியலீங்க. நகருங்க, பின்னாடி ஆளு நிக்கிறாங்க."

கோதண்டபாணி நகர்ந்தார். திண்டிவனத்துக்கு அந்தத் தொண்டை டாக்டர் வருவது வியாழக்கிழமை மட்டும். இந்த ஒரு வியாழக்கிழமைக்காக அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

அவர் தனியார் பஸ் கண்டக்டர். கண்டாச்சிபுரம் பக்கத்துக் கிராமங்களைச் சுற்றிக்கொண்டு விழுப்புரம் வரும் பஸ். அந்தக் கிராமங்களுக்குக் காலையில் இருப்பது அது ஒன்றுதான். அதை விட்டால் அப்புறம் மத்தியானம்தான் பஸ். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் அவர் "போலாம் ரைட்" என்றால், பக்கத்தில் நிற்கும் வேறு பஸ் டிரைவரும் கியரைப் போட்டுவிடுவார் என்று சொல்வார்கள். அப்படிப்பட்ட குரல் போன சித்திரையில் கம்ம ஆரம்பித்து, ஆடி வருவதற்குள் ஆளையே விட்டுப் போய்விட்டது. இப்போது எல்லாவற்றுக்கும் விசில்தான்.

"கேமரா விட்டு உள்ள பாத்தாத்தான் என்னன்னு சொல்ல முடியும்" என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. தொண்டையில் ஏதோ வந்து போய்ச் சேர்ந்தவர்களின் கதையை எல்லாம் தெருவில் இருப்பவர்கள் கேட்காமலே வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். மனைவி மலர்விழி அவர்களுக்கெல்லாம் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, உள்ளே போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோதண்டபாணிக்கும் பயம்தான். வெளியில் சொல்ல, குரல் இல்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை வேலைக்குப் போனால், பஸ் முழுக்க ஒரே வசவு. வியாழக்கிழமைக்கு லீவு கேட்டபோது முதலாளி சீனுவாசன், "கண்டக்டர் இல்லேன்னா வண்டி நிக்கட்டும், வேற ஆளுக்கு நான் எங்க போவேன்" என்று பஸ்ஸையே நிறுத்திவிட்டிருந்தார்.

கோதண்டபாணிக்குப் பயணிகளின் பெயர் தெரியாது. ஏறும் ஸ்டாப்பிங்தான் பெயர். ஏரிக்கரையில் ஏறுபவர் ஏரிக்கரை வாத்தியார். களத்துமேட்டில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டையோடு ஏறுபவர் களத்துமேட்டுக்காரர். நீலக் குடையும் சாப்பாட்டுப் பையுமாக ஏறி, டிரைவருக்குப் பின்சீட்டில் உட்காருபவர் புளியமரத்தம்மா. விழுப்புரத்தில் இறங்கி அவர்கள் எங்கே போகிறார்கள், என்ன செய்கிறார்கள் என்பதெல்லாம் அவருடைய இலாகா இல்லை. அவர்களுக்கும் அவர் வெறும் "கண்டக்டரே"தான்.

"ஹெட்மாஸ்டரு என்னை வெளியவே நிக்க வச்சுட்டாருப்பா" என்றார் ஏரிக்கரை வாத்தியார்.

"மூட்டையத் திரும்ப வூட்டுக்குத் தூக்கிக்கினு போனேன்" என்றார் களத்துமேட்டுக்காரர்.

"எனக்கும்தான் பேஜாராப் போச்சு" என்றார் புளியமரத்தம்மா. "சொல்லாம கொள்ளாம இப்பிடிப் பண்ணா எப்பிடிங்க?"

சாயங்காலம் சீனுவாசனும் கூப்பிட்டார். அவருக்கு இருப்பது ஒரே பஸ். பேசுவது பத்து பஸ் வைத்திருப்பவர் மாதிரி. "கோதண்டம், ஊரே போன் பண்ணித் திட்டுது. இன்னொரு வாட்டி வண்டி நிக்கக் கூடாது. லீவு வேணும்னா உன் ஆள வுட்டுட்டுப் போ."

நியாயமான பேச்சுதான். கோதண்டபாணி தன் ஆளைப் பிடித்தார். மலர்விழியின் தம்பி ஜெகதீசன். விழுப்புரத்தில் ஒரு சினிமா தியேட்டரில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவன். தியேட்டரை மூடியதிலிருந்து சும்மா இருந்தான்.

"டிக்கெட் தானே மாமா? எனக்குத் தெரியாததா? நீ நிம்மதியா போய்ட்டு வா."

நிம்மதியாகப் போனார். திண்டிவனம் ஆஸ்பத்திரியில் அதே கவுண்டர், அதே பெண்.

"ஸ்கோப் ரூம் ஸ்டாஃப் இன்னைக்கும் வரலீங்க. அடுத்த வியாழக்கிழமை."

கோதண்டபாணிக்கு வந்த கோபத்தில் குரலே கொஞ்சம் திரும்பி வந்தது. "இத்தினி வருசத்துல நான் லீவு போட்டத விரல் வுட்டு எண்ணிடலாம். இவங்க வாராவாரம் வரலன்னா என்னம்மா அர்த்தம்?"

அந்தப் பெண் தேதியை அடித்தாள். சீட்டில் இடம் குறைந்துகொண்டே வந்தது.

விழுப்புரம் திரும்பினால் ஜெகதீசன் பஸ் ஸ்டாண்டில் பெருமையாக நின்றுகொண்டிருந்தான். "ஒரு தகராறு இல்ல மாமா. காலை ட்ரிப்புல பாதி வழியிலயே எல்லா சீட்டும் ஃபுல். ஹவுஸ் ஃபுல்லுன்னு கதவ சாத்திட்டேன். அப்புறம் ஒரு ஸ்டாப்பிங்லயும் நிக்கல, நேரா விழுப்புரம்."

"நின்னுக்கினு வருவாங்களேடா!"

"நின்னுக்கினா? எங்க தியேட்டர்ல அதுக்கெல்லாம் பெர்மிசன் இல்ல மாமா."

வெள்ளிக்கிழமை வசவைப் பற்றி விவரமாக எழுத வேண்டியதில்லை. களத்துமேட்டுக்காரர் ஜெகதீசனின் அக்கா குடும்பத்தையும் சேர்த்தே திட்டினார். அந்த அக்கா யார் என்பது அவருக்குத் தெரியாது. புளியமரத்தம்மா திட்டவில்லை. "ஓடி வந்து கைகாட்டினேங்க, பாத்துக்கினே போறான்" என்று மட்டும் சொன்னார். அதுதான் கோதண்டபாணியை அதிகமாகக் குத்தியது.

இந்தத் தடவை அவர் வேறு விதமாக யோசித்தார். வண்டியும் ஓட வேண்டும், கண்டக்டரும் தானாகவே இருக்க வேண்டும், ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டும். வியாழக்கிழமை மட்டும் காலை ட்ரிப்பை ஒன்றரை மணி நேரம் முன்னால் எடுத்துவிட்டால்? விடிந்தும் விடியாமலும் விழுப்புரம் வந்துவிடலாம். அங்கிருந்து திண்டிவனம் பஸ்ஸைப் பிடித்தால் டோக்கனுக்குச் சரியாக இருக்கும்.

சீனுவாசன் யோசித்தார். "சரி. ஆனா ஜனங்க கிட்ட முன்னாடியே சொல்லிடணும். அது உன் பொறுப்பு."

கோதண்டபாணி பொறுப்பானவர். புதன்கிழமை ஒவ்வொரு ஸ்டாப்பிங்கிலும் பஸ்ஸின் நடுவில் நின்று, "நாளைக்கு வண்டி சீக்கிரம் வந்துடும், எல்லாரும் ஜல்தியா வந்துடுங்க" என்று அறிவித்தார். எல்லாரும் தலையை ஆட்டினார்கள்.

வியாழக்கிழமை பஸ் காலியாகப் போய், காலியாகத் திரும்பியது. புளியமரத்தடியில் ஒரு நாய் மட்டும் எழுந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

"எல்லாரும் தலைய ஆட்டினாங்களேடா" என்றார் கோதண்டபாணி.

"அண்ணே, நீ டிக்கெட்டு கேக்கறன்னு நெனச்சு, எடுத்தாச்சுன்னு தலைய ஆட்டினாங்கண்ணே" என்றான் டிரைவர் தென்னரசு. "மொதலாளி எனக்குத் தனியா சொன்னாரோ, நானும் வந்தேனோ."

திண்டிவனத்தில் கவுண்டர் பெண் அவரைத் தூரத்தில் பார்த்ததுமே பேனாவை எடுத்தாள். ஸ்டாஃப் வரவில்லை. சீட்டில் இடம் இல்லாததால் பின்பக்கம் தேதி எழுதினாள். கோதண்டபாணி வெளியே வந்து வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தார். தொண்டைக்குள் இருப்பது என்னவோ, அது ஆஸ்பத்திரி தேதிக்காகக் காத்துக்கொண்டா இருக்கும்? அவருக்கு அழுகை வந்தது. அழுதார். அதற்கும் சத்தம் வரவில்லை.

மறுநாள் புளியமரத்தம்மா டிக்கெட் வாங்கும்போது கண் கலங்கி இருந்தார். "வியாழக்கிழமை ஆனா உங்களுக்கு என்னங்க வருது? என் வேலையே போயிடும் போல இருக்கு."

கோதண்டபாணிக்கு மனசு கேட்கவில்லை. குனிந்து அவர் காதருகே சொன்னார். "என் கதையும் அதான்மா. ஓரிடத்துல ஒரு ஆளு வேலைக்கே வராம என்னை வாராவாரம் அலையவுடறாங்க."

"யாருங்க அது?"

"பேரு தெரியாது. மூஞ்சியக் கூடப் பாத்ததில்ல."

"அப்பிடிப்பட்டவங்கள சும்மா வுடக் கூடாதுங்க. மேல கம்ப்ளைண்ட் பண்ணுங்க. அப்பத்தான் புத்தி வரும்."

நல்ல யோசனையாகத்தான் இருந்தது. மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் வைத்து ஆஸ்பத்திரிக்கு போன் போட்டுத் தென்னரசுவிடம் கொடுத்தார். அவன் கோதண்டபாணிக்கும் சேர்த்துக் குரல் கொடுத்தான்.

"எங்கண்ணன் ஒரு நாள் கூட வேலைக்கு டிமிக்கி குடுக்காதவருங்க. உங்க ஸ்டாஃப் மாதிரி இல்ல. அவரு உசிரோட வெளாடறீங்களா? அந்த ஆள மொதல்ல வூட்டுக்கு அனுப்புங்க."

போனை வைத்ததும் கோதண்டபாணிக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. "வூட்டுக்கு அனுப்புங்கன்னு நான் சொல்லச் சொல்லலியேடா."

"ஒரு ஃப்ளோவுல வந்துடுச்சுண்ணே."

அந்தச் சாயங்காலமே சீனுவாசன் முடிவாகச் சொல்லிவிட்டார். "அடுத்த வியாழக்கிழமையும் ஏதாவது கூத்து நடந்துதுன்னா, நீ வூட்டுலயே இருந்துக்கோ கோதண்டம். கோலியனூர்ல ஒரு பையன் கேட்டுக்கினு இருக்கான்."

கோதண்டபாணி வீட்டுக்கு வந்து மலர்விழியிடம் சொன்னார். "தொண்டை இல்லாம பொழைச்சுக்கலாம். வேலை இல்லாம முடியாது." வியாழக்கிழமை காலை அவள் வழக்கத்தை விடச் சீக்கிரம் எழுந்து, அவருக்குத் தொண்டையில் இறங்கும்படியாகக் கேப்பைக் கூழ் கரைத்துக் கொடுத்தாள்.

பஸ் சரியான நேரத்துக்குக் கிளம்பியது. கண்டக்டரும் இருந்தார். ஏரிக்கரை வாத்தியார் ஏறினார். மல்லாட்டை மூட்டை ஏறியது. புளியமரத்தம்மா ஏறி, "அப்பாடா, வந்தீங்களே" என்று சொல்லி வழக்கமான சீட்டில் உட்கார்ந்தார். கூட்டம் நெரிந்தது. கோதண்டபாணி டிக்கெட் கொடுத்து முடித்துப் பின்படிக்கட்டுக்கு வந்தபோது, பைக்குள் போன் அடித்தது. புது நம்பர்.

"கோதண்டபாணிங்களா?" என்றது ஒரு பெண் குரல். பஸ் இரைச்சலில் பாதிதான் கேட்டது. "திண்டிவனம் ஆஸ்பத்திரி ஸ்கோப் ரூம் ஸ்டாஃப் ஜெசிந்தா பேசறேங்க. நீங்க குடுத்த கம்ப்ளைண்ட்டால என்னைக் கூப்ட்டுக் கேட்டுட்டாங்க. இன்னைக்கு உங்களுக்கு ஸ்கோப் எடுக்கலன்னா என் வேலைக்கே உத்தரவாதம் இல்லீங்க. நான் வந்துக்கினே இருக்கேன். தயவுசெய்து நீங்களும் வந்துடுங்க."

கோதண்டபாணிக்கு மூன்று வாரக் கோபமும் ஒன்றாக வந்தது. வாயைச் சுற்றிக் கையைக் குவித்துக்கொண்டு பேசினார். "நான் வந்து உக்காந்திருந்தப்பல்லாம் நீங்க வரல. இன்னைக்கு நீங்க வரீங்க, நான் வர முடியாது. டூட்டில இருக்கேன்மா. வுட்டா எனக்கும் வேலை போயிடும்."

"என் மேல தப்பில்லீங்க. நான் இருக்கற ஊரு அப்பிடி..."

வண்டி ஒரு கூட்டு ரோட்டில் நின்றது. ஆட்கள் ஏறி முடித்தார்கள். போன் காதில் இருந்தாலும் கடமை கடமைதான். கோதண்டபாணி விசிலை வாயில் வைத்து இரண்டு தரம் ஊதினார்.

முன்சீட்டில் புளியமரத்தம்மா தன் போனைக் காதிலிருந்து வெடுக்கென்று எடுத்துவிட்டு, காதைத் தேய்த்துக்கொண்டார்.

கோதண்டபாணி அதைப் பார்த்தார். கையில் இருந்த போனைப் பார்த்தார். இருக்காது என்று நினைத்தார். இருந்தாலும், அந்த அம்மா மறுபடி போனைக் காதில் வைத்ததும், விசிலைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மெதுவாக ஒரே ஒரு தரம் ஊதிப் பார்த்தார்.

அந்த அம்மா மறுபடியும் துள்ளினார். ஒரு விசில் என்றால் நிறுத்து என்று அர்த்தம். தென்னரசு பிரேக்கை மிதித்தான். நின்றிருந்தவர்கள் எல்லாரும் முன்னால் சாய்ந்து நிமிர்ந்தபோது, புளியமரத்தம்மாவுக்கும் பின்படிக்கட்டுக்கும் நடுவில் ஒரு சந்து கிடைத்தது. அவர் எழுந்து திரும்பிப் பார்த்தார். கோதண்டபாணியின் காதில் போன். அவர் காதிலும் போன்.

"கோதண்டபாணி நீங்களா?" என்றார் ஜெசிந்தா. அது போனிலும் கேட்டது.

அவர் தலையை ஆட்டினார்.

"என் மேலயா கம்ப்ளைண்ட் பண்ணீங்க?"

"பண்ணச் சொன்னது நீங்கதாம்மா" என்றார் கோதண்டபாணி.

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "விழுப்புரத்துல எறங்கி என்கூடவே வாங்க" என்றார். "இன்னைக்கு மொத ஆளு நீங்கதான். உங்க மொதலாளி கிட்ட நானே பேசறேன்."

நடு ரோட்டில் எதற்கு விசில் என்று புரியாமல் எஞ்சினை அணைத்திருந்த தென்னரசு, சீட்டில் திரும்பி உட்கார்ந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அண்ணே, நீ திண்டிவனத்துல யாருக்காகக் காத்துக்கினு உக்காந்திருந்தியோ, அவங்க இங்க புளியமரத்தாண்ட உனக்காகக் காத்துக்கினு நின்னிருக்காங்கண்ணே."