ஜப்பான்காரருக்கு நான் வைத்த விருந்து

கல்ஃபிலிருந்து முதல் லீவில் வந்திருப்பவனிடம் யாரும் எந்தப் பொறுப்பையும் கொடுக்கக்கூடாது. நானே அப்படி வந்தவன் என்பதால் சொல்கிறேன். கையில் வாட்ச், சட்டையில் சென்ட் வாசனை, தலைக்குள் உலகத்தையே அளந்து முடித்த மிதப்பு. (உலகம் என்றால் அபுதாபியில் ஒரு சிமெண்ட் கிட்டங்கியும் அதை ஒட்டிய லேபர் கேம்ப்பும். அதைத் தாண்டி நான் எதையும் பார்த்ததில்லை.)

அந்த லீவில்தான் பாறசாலைக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்கு ஜப்பான் டி.வி. வந்தது. பிரபலமான ஒருவரை ஊர் ஊராகக் கூட்டிப்போய், அந்தந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட வைத்துப் படம் பிடிக்கும் நிகழ்ச்சியாம். கன்னியாகுமரிக்குப் போகிற வழியில் ஏதாவதொரு வீட்டில் மத்தியானச் சாப்பாடு வேண்டுமென்று, அவர்களுடைய மொழிபெயர்ப்பாளர் அம்மாள் முந்தின நாளே வந்து வீடு தேடினார். ரோட்டோரம் பச்சை பெயிண்ட் அடித்து நின்ற எங்கள் வீடு அவர் கண்ணில் பட்டுவிட்டது.

நீங்கள் தினமும் சாப்பிடுவதையே வைத்தால் போதும், விசேஷமாக ஒன்றும் வேண்டாம் என்று மலையாளத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார்.

தினமும் நாங்கள் சாப்பிட்டது மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளிதான்) சாளைமீன் கறியும். நிலச்சட்டம் வந்து, நிலக்காரர் பூமியில் எங்கள் குடிசை நின்ற பத்து சென்ட் எங்கள் பெயருக்கு ஆனபோது அம்மை முதலில் நட்டது மரச்சீனிக் கம்புதான். அதைத் தின்றுதான் நானும் தங்கை மேரியும் வளர்ந்தோம். ஆனால் நாம் தின்பதையே விருந்தாளிக்கும் வைப்பது எங்கள் பக்கத்தில் மரியாதைக் குறைவு. அதுவும் விமானம் ஏறி வந்த விருந்தாளிக்கு!

போதாததற்கு, மேரிக்கு அமரவிளையில் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். பையன் பஸ் கண்டக்டர். மேரிக்கு அவனை ரொம்பப் பிடித்திருந்தது. பையனின் அம்மாதான் பிடி கொடுக்கவில்லை. "பத்து சென்ட் கிட்டின ஆளுகதானே" என்று தரகரிடம் இழுத்திருந்தார். டி.வி. காமிராவைக் காட்டி அவரை அசத்திவிடலாமென்று அவரையும் அதே நாளில் வரச்சொல்லி ஆள் அனுப்பினேன். (என் மூளை!)

"அம்மை, மரச்சீனி, சாளை ஒண்ணும் முன்பக்கம் வரப்பிடாது. எனக்க பெட்டியில டின் மீனும் சாமானமும் உண்டு."

"எலே, பெண்ணு பாக்க வாற ஆளுகளுக்கு டப்பா மீனா குடுக்கது? நான் அடுக்களையில கொஞ்சம் வச்சு வைக்கேன்."

"வையுங்க. ஆனா நீங்களும் அங்ஙனயே இருந்தா போதும். முன்னால வரண்டாம்."

அம்மை என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அடுக்களைக்குள் போனாள். அந்த முகத்தை இன்று நினைத்தாலும் எனக்கு வலிக்கிறது.

மறுநாள் இரவல் மேஜை, பூப்போட்ட விரிப்பு, ஆரஞ்சுப்பொடி கலக்கிய தண்ணீர், டின் சீஸ், பிஸ்கட் எல்லாம் தயார். நடுநாயகமாக டின் மீன். காலி டின்களைக்கூட நான் எறியவில்லை. படம் தெரியும்படி மேஜைமேல் வரிசையாக நிறுத்தியிருந்தேன். அபுதாபிக் கடையில் வாங்கியதால் அது அரபுநாட்டு மீன் என்பது என் முடிவு. டின்னில் வேறு என்ன எழுதியிருக்கிறதென்று பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

வந்தவர் ஜப்பானில் பெரிய நகைச்சுவை நடிகராம். குனிந்து கும்பிட்டார். பையனின் அம்மாவும் முன்னமே வந்து ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். விளக்கை மாற்று, நாற்காலியை மாற்று என்று அவர்கள் பாடுபட்டதில் மத்தியானம் கடந்துவிட்டது. ஒருவழியாக மீனை எடுத்து வாயில் போட்டவர், மெல்லுவதை நிறுத்தினார். ஒரு டின்னை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு காமிராவைப் பார்த்து ஏதோ சொன்னார். அவரோடு வந்திருந்த கூட்டம் முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது.

மொழிபெயர்ப்பாளர் அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். மீன் ஜப்பானுடையது. சின்ன வயதில் கஷ்டத்தில் தினமும் அவருக்கு இந்த டின் மீன்தானாம். இனி இதைத் தின்னாமல் பிழைக்க வேண்டுமென்றுதான் நடிக்கவே போனாராம்.

எனக்கு அப்படியே அபுதாபிக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. பையனின் அம்மா உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தேன். காலி. எழுந்து போயே விட்டார்! கதவோரம் நின்ற மேரியின் கண் நிறைந்திருந்தது. தங்கையின் கல்யாணத்தை ஒரு மீன் டின்னால் கெடுத்த அண்ணன் என்ற பெயர் எனக்கு நிச்சயமாகிவிட்டது.

அதற்குள் நடிகர் மூக்கை விரித்து மோப்பம் பிடித்தார். எழுந்தார். வாசனை வந்த திசையில் நடந்தார். பின்னாலேயே காமிரா. அதன் பின்னால் "நோ, நோ, கிச்சன் நோ!" என்று கத்தியபடி நான்.

அடுக்களையில் அம்மை கறிச்சட்டியோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், தேங்காய் திருவும் பலகைமேல், வாய் நிறைய மரச்சீனியும் விரலெல்லாம் சாளைக்கறியுமாகப் பையனின் அம்மா! பசி தாங்காமல் மணத்தைப் பிடித்து வந்துவிட்டாராம். காமிரா விளக்கு நேராக அவர் முகத்தில் விழுந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

நடிகர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து ஒரு தட்டை எடுத்து நீட்டினார். அம்மை என்னைப் பார்த்தாள்.

"குடுக்கட்டா மக்கா?"

பதில் சொன்னது பையனின் அம்மாதான்.

"அக்கா, அவனிட்ட என்னத்துக்குக் கேக்குதிய? பசிச்சு வந்த மனுசனாக்கும். குடுங்க. எங்க வீட்டிலயும் டெய்லி இதுதான், அதுக்கென்ன? எவிட மேரி? வந்து விளம்பச் சொல்லுங்க. எனக்கும் கொஞ்சம் சாறு."

மேரி பரிமாறினாள். நடிகர் காரத்தில் கண்ணீரும் மூக்கும் ஒழுக, தட்டைத் திரும்பத் திரும்ப நீட்டினார். கை கழுவியதும் பையனின் அம்மா, "இந்த அடுக்களையில வளந்த பெண்ணு எங்களுக்கு மதி, வேற ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். (அந்தக் கறியை மேரி இன்றுவரை சரியாக வைத்ததில்லை. அது மச்சானின் தலையெழுத்து.)

எங்கள் ஊரில் அப்போது டி.வி.யே கிடையாது. அதனால் அந்த நிகழ்ச்சியை நாங்கள் பார்க்கவில்லை. கல்யாணத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஜப்பானிலிருந்து அம்மையின் பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. உள்ளே அழகான காகிதத்தில் பொதிந்து, அதே மீன் டின் ஒன்று. அம்மை சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறிவிட்டது.

அதை மேரி அமரவிளைக்குக் கொண்டுபோனாள். இன்றும் அங்கே ஷோகேஸில் இருக்கிறது. இப்போது நன்றாக உப்பிப்போய், தொடவே எல்லாருக்கும் பயம். நான் அங்கே போய் உட்கார்ந்து, "நான் கல்ஃபில இருக்கும்போ..." என்று தொடங்கினால் போதும், உள்ளறையிலிருந்து மேரியின் மாமியார் குரல் வந்துவிடும்.

"மேரி, அண்ணனுக்குப் பசிக்குது போல. அந்த டின்னைப் பொட்டிச்சுத் தட்டில வை."