யாரும் ருசி பார்க்கக்கூடாது

அன்புள்ள மைத்துனருக்கு,

உங்கள் அத்தான் எழுதுவது. நீங்களும் தங்கையும் பிள்ளைகளும் வேளாவேளைக்கு வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். கொஞ்சம் வயிற்றெரிச்சலோடுதான் நம்புகிறேன். இங்கே அனைவரும் நலம் என்று அடுத்த வரியில் எழுத வேண்டும். கை வரவில்லை.

உங்கள் அக்காவுக்குக் காய்ச்சல் விட்டு ஐந்து மாதமாகிறது. போகிற காய்ச்சல் சும்மா போகாமல் அவள் வாய் ருசியையும் கையோடு கொண்டுபோனது உங்களுக்குத் தெரியும். "வரலாம், வராமலும் போகலாம்" என்கிறார் டாக்டர். மருந்துக்கடையில் முப்பத்தொரு வருஷம் நின்றவனிடம் இதைச் சொல்ல ஒரு டாக்டர்! நான் என் பங்குக்கு மூன்று வேளையும் கஞ்சி காய்ச்சுகிறேன். மருந்துக் குவளையில் தண்ணீரை அளந்து, ரத்த அழுத்தத்துக்காக உப்பில்லாமல், வயிற்றுக்காகக் காரமில்லாமல், ஒரு கட்டி தட்டாமல். முதலில் பாதிக் கிண்ணமாவது இறங்கியது. மூன்று வாரமாக நாலு கரண்டியோடு சரி. "போதுங்க" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறாள். மாடி வீட்டுத் தையல்காரர் அவள் உடுப்புகளை இரண்டு தடவை பிடித்துத் தைத்துக் கொடுத்தார். மூன்றாவது தடவை கொண்டுபோனபோது, "இதுக்கு மேல பிடிச்சா சின்னப் புள்ளை சட்டையாயிடும்ங்க" என்றார். துணியை அப்படியே திரும்பக் கொண்டுவந்தேன்.

இந்த அழகில், இரண்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் என் வீட்டில் பரிசோதனைச் சமையல் நடக்கிறது. ஆரம்பித்தவள் என் மகள். பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறவள் இல்லையா, அந்தப் புத்தி அடுப்படிவரைக்கும் வந்துவிட்டது. மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காதவள் இப்போது வாரம் தவறாமல் மருமகனையும் இழுத்துக்கொண்டு வருகிறாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். குக்கர் மூடி சிக்கிக்கொண்டால் ஸ்பேனரை எடுத்துவிடுகிறார். தனிக்கட்டையான தையல்காரரும் சேர்ந்துகொண்டார். ஆளாளுக்கு ஒரு பொருளைப் போட வேண்டும், எந்தச் செய்முறையையும் பார்க்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேல் ஒரு சட்டம்: பந்திக்கு வரும்வரை யாரும் ருசி பார்க்கக்கூடாது. ஏன் என்று கேட்டேன். "அம்மாவுக்கு மட்டும்தான் ருசி தெரியாதுன்னு இருக்கக்கூடாதுப்பா. தெரியாம உக்காந்தா எல்லாரும் சேர்ந்தே உக்காரணும்" என்றாள். நியாயம்தான். அதற்காக ஆரஞ்சுப் பழம் போட்ட மீனை மன்னிக்க முடியுமா? காபித்தூளில் புரட்டிய உருளைக்கிழங்கை? சாக்லேட் கரைத்து ஊற்றிய பூசணிக்காயை வாயில் வைத்த மருமகன், ஏதோ போன் வந்ததுபோல வாசலுக்குப் போய் அரை மணி நேரம் கழித்துத்தான் திரும்பினார். உங்கள் அக்கா மட்டும் எல்லாவற்றையும் ஒரே முகத்தோடு சாப்பிடுவாள், நாங்கள் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம்.

நேற்று முட்டைக்கோஸ் சூப். அது கொதிக்கும்போது மகள் தட்டு எடுக்கப் போனாள். நான் நைசாக உள்ளே நுழைந்து, எது எட்டாவிட்டாலும் உப்பாவது உங்கள் அக்காவின் நாக்கை எட்டாதா என்ற நப்பாசையில், மூன்று கரண்டி உப்பைத் தட்டையாக அளந்து போட்டேன். உப்பே ஆகாது என்கிற நானேதான். எனக்கு முன்னாலேயே மருமகன் இதே எண்ணத்தில் ஒரு கை அள்ளிப் போட்டிருக்கிறார். எனக்குப் பின்னால் தையல்காரர், "குத்துமதிப்பா ரெண்டு பிடிங்க." கடைசியாக மகள். சட்டம் போட்டவளே! யாரும் ருசி பார்க்காததால் யாருக்கும் யாரைப் பற்றியும் தெரியவில்லை. முதல் வாயில் மருமகனுக்குப் புரையேறியது. தையல்காரர் கண்ணில் தண்ணீர். மகள் தண்ணீர்க் குடத்துக்கு ஓடினாள். நான் துப்பிவிட்டேன், உண்மையைச் சொல்வதற்கென்ன.

உங்கள் அக்கா கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்கா?" என்று எங்களைக் கேட்டாள்.

அந்த நிமிஷம் எனக்கு மனசு விட்டுப்போச்சு, மாப்பிள்ளை. அத்தனை உப்பு எட்டாத நாக்கை இனி எது எட்டப்போகுது? அவ இப்படியே கரைஞ்சு போறதை என்னால உக்காந்து பாக்க முடியல. வியாழக்கிழமை வந்து உங்கள் வீட்டுக்கு அழைத்துப் போங்கள். தங்கையின் கைப்பக்குவத்திலாவது உடம்பு தேறட்டும். நான் தனியாக இருந்துகொள்வேன். எனக்குக் கஞ்சி காய்ச்சத் தெரியும்.

தங்கைக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசிகள். அவர்களைச் சூடாகச் சாப்பிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: வியாழக்கிழமை வர வேண்டாம். கவரை ஒட்டப் பசை தேடிப் போன நேரத்தில் உங்கள் அக்கா இதைப் படித்துவிட்டாள். "ருசி வந்து மூணு வாரமாச்சுங்க" என்றாள். அப்போ நேற்றைய சூப்பு என்றேன். "கடலைக் குடிச்ச மாதிரி இருந்துச்சு. ஆனா ருசி வந்துருச்சுன்னு சொல்லிட்டா அடுத்த ஞாயித்துக்கிழமை யார் வருவா? பொண்ணு பழையபடி போன்ல ரெண்டு நிமிஷம் பேசுவா. நீங்க பேப்பரை விரிச்சு மூஞ்சியை மூடிக்குவீங்க." சரி, என் கஞ்சியை ஏன் தொடுவதில்லை என்றேன். "ருசி தெரியாதவரைக்கும் பாதிக் கிண்ணம் இறங்குச்சுங்க. தெரிஞ்சப்புறம் எப்படி இறங்கும்?"

மற்ற மூன்று பேருக்கும் சொல்லக்கூடாதென்று சத்தியம் வாங்கிவிட்டாள். நீங்களும் மூச்சு விடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை நானும் ஒரே முகத்தோடு சாப்பிட்டாக வேண்டும் என்பதால், பழகிப் பார்க்க என் கஞ்சியை ஒரு கிண்ணம் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்றாவது கரண்டியில் எழுந்துவிட்டேன். அவள் வேளைக்கு நாலு கரண்டி சாப்பிட்டிருக்கிறாள்.