மேசை விரிப்பை உடனே அனுப்பவும்

அன்பும் மரியாதையும் நிறைந்த அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் என் மனைவியும் நலம். மகளும் நலம்தான், ஆனால் என்னோடு பேசுவதில்லை. அங்கே நீங்களும் அக்காவும் நலமாகத்தான் இருப்பீர்கள். எப்படி இருந்தாலும் சரி, போன வாரம் நான் அன்பளிப்பாக அனுப்பிய மேசை விரிப்பை இந்த நிமிஷமே எடுத்துவிடுங்கள். துவைக்க வேண்டாம். டீ சிந்தியிருந்தால் தேய்க்கவும் வேண்டாம். அப்படியே மடித்து அனுப்புங்கள். உங்கள் மருமகளின், அதாவது என் மகளின், டாக்டர் பட்டம் அதில்தான் இருக்கிறது.

நடந்தது இதுதான். மகள் தன் கம்ப்யூட்டரைத் திறந்தபடி வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். எட்டிப் பார்த்தேன். திரை முழுக்க ரோஜா நிறம், மேலே ஊதாப் புள்ளிகளை வாரி இறைத்தது போல! காலமெல்லாம் துணியில் டிசைன் அச்சடிக்கிறவனுக்குக் கை சும்மா இருக்குமா? படத்தை நகலெடுத்துப் பட்டறைக்குக் கொண்டுபோய் சோதனைக்கு ஒரே ஒரு துண்டு அடித்தேன், அதுதான் உங்கள் விரிப்பு. ஆனால் அடித்துப் பார்த்தால் மனசு ஆறவில்லை. கோடுகள் அங்கங்கே அறுந்து தொங்குகின்றன, பின்னல் நடுவே புள்ளிகள் அடைத்துக்கொண்டு கிடக்கின்றன, இதைச் சரக்கென்று கொடுத்தால் கடைக்காரர் முகத்தில்தான் வீசுவார். மகள் வெளியே போன நேரம் பார்த்து, அவள் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து, அறுந்த கோடுகளை ஒட்டவைத்து, அடைப்புகளைத் துடைத்து, வலை மாதிரி பளிச்சென்று ஆக்கி, அதே பெயரில் சேமித்தேன். பழசு எங்கேயும் தங்கக் கூடாதென்று பட்டறையிலும் மாற்றி வைத்தேன். சுத்தமான வேலைக்காரன் அல்லவா!

அத்தான், அது பறவைக் காய்ச்சல் வந்த ஒரு பிராணியின் நுரையீரல்! ஃபெரட் என்று பேராம். கீரி மாதிரி இருக்குமாம், நம்மைப் போலவே தும்முமாம். அதை வைத்துத்தான் மகள் ஆராய்ச்சி செய்கிறாள். பேராசிரியர் முன்னால் பெருமையாகப் படத்தைத் திறந்திருக்கிறாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டாராம், "மருந்தே குடுக்காம இது எப்படிம்மா குணமாச்சு?"

வீட்டுக்கு வந்து ஆடித் தீர்த்துவிட்டாள். "அந்தக் கோடுதான்ப்பா மூச்சுக்குழாயோட உள்தோல். அதுல பொடிப்பொடியா மயிர் மாதிரி இருக்கும், தூசியை வெளியே தள்ளும். வைரஸ் அந்த செல்லுக்குள்ள பூந்து, பெருகி, அதையே கொன்னுடும். தோல் உரிஞ்சு தொங்கும். அதைத்தான் நீங்க ஒட்ட வச்சிருக்கீங்க!"

"அப்ப அந்த ஊதாப் புள்ளி?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"வைரஸோட சண்டை போட வந்த செல்லுங்க. அதுங்களும் நீரும் சேர்ந்து காத்துப் பையையே அடைச்சிடும், மூச்சு விட இடமிருக்காது. அந்தச் சேதத்தைக் காட்டத்தான் நான் இத்தனை வருஷமா உயிரைக் குடுத்தேன். நீங்க ஒரே மத்தியானத்துல ஆஸ்பத்திரி நடத்திட்டீங்க!"

என் மனைவி உள்ளேயிருந்து, "பரவாயில்லைங்க, உங்களுக்கு நல்ல கைராசி," என்றாள். அவளை யார் கேட்டது?

அன்றிலிருந்து மகள் என் பக்கம் திரும்புவதில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட அம்மா வழியாகத்தான் கேட்கிறாள். அவள் சிரிக்காத வீட்டில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அத்தான். நான் குணப்படுத்தாமல் விட்ட நோய் உங்கள் மேசையில் மட்டும்தான் மிச்சம் இருக்கிறது. பயப்படாதீர்கள், வெறும் சாயம்தான், ஒட்டாது. அக்காவிடம் மட்டும் நுரையீரல் என்று சொல்லித் தொலைக்காதீர்கள்.

இருவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக மூச்சு விட்டுக்கொண்டு நெடுநாள் இருக்க வேண்டும்.

என்றும் உங்கள்,
மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மகள் பிடுங்கிப் படித்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். நுரையீரலைச் சீவி வைத்த கண்ணாடித் தகடு ஆய்வகத்தில் பத்திரமாக இருக்கிறதாம், மறுநாளே வேறு படம் எடுத்துவிட்டாளாம்! "அப்புறம் ஏம்மா பேசல?" என்றேன். "நீங்க கொஞ்சம் தவிக்கட்டும்னு விட்டேன்ப்பா," என்கிறாள். ஆகவே விரிப்பு உங்களுக்கே. நாளை என்னை ஆய்வகத்துக்குக் கூட்டிப்போய் மைக்ராஸ்கோப்பில் எல்லாம் காட்டுகிறாளாம். ஒரே நிபந்தனை, நான் எதையும் குணப்படுத்தக் கூடாது.