வெள்ளிக்குக் கொம்பு முளைத்த நாள்

“மச்சான், நேத்தே பிறை வந்திருக்கு. அப்ப இன்னிக்குப் பெருநாளா? பெருநாளன்னிக்கு நோன்பு வைக்கக் கூடாதே.”

மனைவி மஜீதாவின் கையில் ஒரு புகைப்படம். காலையில் சீனி முகம்மது உலர வைத்தது. கறுத்த வானத்தின் நடுவே நகத்துண்டு போல ஒரு வெள்ளைப் பிறை.

அது பிறை இல்லை, வெள்ளிக் கோள் என்றான் சீனி முகம்மது.

“வெள்ளிக்கு எங்கேருந்து கொம்பு முளைச்சிச்சு?” என்றாள் அவள்.

1934 ஜனவரி; அன்று இருபத்தொன்பதாவது நோன்பு. சீனி முகம்மது மலாய் நாட்டுக் காஜா பெராங்கில் கடிகாரம் பழுதுபார்ப்பவன். சீமைக்குத் திரும்பிய எஸ்டேட் துரை ஒருவர் விட்டுப்போன பித்தளைத் தொலைநோக்கியைக் கொல்லையில் நிறுத்தி, கண் வைக்கும் முனையில் கேமராவைக் கட்டி, எட்டு மாதமாக வானத்தைப் படம்பிடிக்கப் பார்த்தான். பதினொரு கண்ணாடித் தகடுகள் பாழாயின. பன்னிரண்டாவதில், நேற்று அந்தியில், வெள்ளி வந்து விழுந்தது. நிலவைப் போல வெள்ளியும் தேய்ந்து வளரும் என்று படித்திருந்தான். தன் தகட்டிலேயே அதைக் கண்டபோது, இருட்டறையில் வெகுநேரம் அசையாமல் நின்றான்.

படத்தை வாங்கி மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினான். அதற்குள் விஷயம் வேலியைத் தாண்டிப் பக்கத்துவீட்டு ஆயிஷாவிடம் போயிருந்தது. நண்பகல் லுஹர் தொழுகை முடிவதற்குள் தெருவே இரண்டு கட்சி. நோன்பு மாதத்தின் தலைப்பிறையையே ஒரு நாள் தவறவிட்டுவிட்டோம் என்றது ஒரு கட்சி. ஒரு வீட்டில் பட்டப்பகலில் நெய்ச்சோறு மணந்தது.

ஊரார் நோன்பை முறித்த பாவம் தன் தலையில் விழுமோ என்று பயந்து, படத்தை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்கு ஓடினான். தொழுகை நடத்தும் லெப்பை மூக்குக்கண்ணாடியை மாட்டி, படத்தை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிற்பகல் அஸர் தொழுதுவிட்டு வெளியே வந்தவர்கள் கண்டது, லெப்பையின் கையில் பிறை. அப்புறம் யாருக்கு வேறு சாட்சி வேண்டும்?

“எல்லாரும் சாயந்தரம் என் கொல்லைக்கு வாங்க. உங்க கண்ணாலயே பாருங்க” என்று சொல்லிவிட்டான் சீனி முகம்மது.

தெருவே வந்தது. நோன்புக் கஞ்சியும் பேரீச்சம்பழமும் கொல்லையிலேயே ஆயின. மேற்கை மறைத்து நின்ற வீட்டுக் கூரைக்கு மேலே வெள்ளி ஒரு புள்ளியாக எரிந்துகொண்டிருந்தது. லெப்பை முதலில் அதை வெறுங்கண்ணால் பார்த்தார். பிறகு குழாயில் கண் வைத்தார். நிமிரவேயில்லை.

“சுப்ஹானல்லாஹ்” என்றார் மெல்ல. “ஒரு புள்ளிக்குள்ள எவ்வளவு வச்சிருக்கான்.”

ஒவ்வொருவராகக் குனிந்தார்கள், பார்த்தவர்கள் நகர மனமில்லாமல் நகர்ந்தார்கள். கடைசியாக மஜீதா. குழாயில் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், மறுபடி குழாயில் பார்த்தாள். அவன் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டாள். எட்டு மாதமும் வீண்போகவில்லை என்று அவனுக்குத் தோன்றியது.

லெப்பை தொண்டையைச் செருமினார். தம்பி சொன்னது சரி, இது வெள்ளியேதான் என்றார். பிறை தென்படவில்லை, ஆகவே நாளை முப்பதாவது நோன்பு என்று தீர்ப்பும் சொன்னார். நெய்ச்சோற்று வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது மலாய் பேசிப் பழகிய தமிழ் இந்துக்களான சிட்டிகளின் வழிவந்த எதிர்வீட்டுப் பொன்னம்மா, வாழைப்பழத் தட்டோடு தெருவிலிருந்து உள்ளே வந்தாள். குழாயைச் சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்து, மலாயில் பெருநாள் வாழ்த்தும் தமிழில் கேள்வியுமாகக் கேட்டாள்:

“செலாமாட் ஹாரி ராயா! பிறைதான் அப்பயே ரோட்டுல பளிச்சுன்னு தெரியுதே, இங்க எல்லாரும் என்னத்தத் தேடுறீங்க?”