மூணு பேனா அண்ணன்

ஓர் ஆங்கில வாக்கியத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா கடந்து போகத் தெரியாத மனிதர் இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் மூணு பேனா அண்ணன். மேரு ஊரில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் நானும் அவரும் கிளார்க்குகள். சட்டைப் பையில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பேனாக்கள் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. வீட்டில் வைத்த பெயரை அவரே மறந்திருப்பார்.

இந்தப் பித்துக்குக் காரணம் சூப்பர்வைசர் பதவி. அதற்குக் கம்பெனி ஓர் ஆங்கிலத் தேர்வு வைத்திருந்தது. ஒருவர் மூன்று தடவைதான் எழுதலாம். அண்ணன் இரண்டு தடவை கோட்டை விட்டிருந்தார், இரண்டு தடவையும் 'வெர்பல்' கேள்வியில். இன்பினிடிவ், ஜெரண்ட், பார்டிசிபிள் மூன்றையும் இனம் பிரித்துக் காட்ட வேண்டும்.

"வெர்பல்னா என்னாண்ணே?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"வெர்ப் வீட்டுல பொறந்தது, ஆனா வெர்ப் வேலைய செய்யாது. நம்ம மேனேஜரோட மச்சான் இருக்கான் பாரு, அவன் மாதிரிலா."

இன்பினிடிவுக்குச் சிவப்பு, ஜெரண்டுக்குப் பச்சை, பார்டிசிபிளுக்கு நீலம். எழுத்து எங்கே கண்ணில் பட்டாலும் கோடு விழும். 'நோ ஸ்மோக்கிங்' பலகையில் ஸ்மோக்கிங்குக்குப் பச்சை. கழிவறைக் கதவில் ஒட்டிய 'புரோக்கன் பைப்' காகிதத்தில் புரோக்கனுக்கு நீலம். என் தங்கையின் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். 'டு கிரேஸ்' என்ற இடத்தில் சிவப்புக் கோடு போட்டு, "நல்ல இன்பினிடிவா போட்டிருக்கீங்க தம்பி" என்று பாராட்டினார். மாப்பிள்ளை யார் என்று கேட்கவே இல்லை.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. செராஸுக்குப் போகும் சரக்குச் சீட்டில் 'டு பி அன்லோடட்' என்று இருந்தது. கை சும்மா இருக்குமா? சிவப்பாக ஒரு கோடு போட்டார். எங்கள் ஸ்டோரிலோ சீட்டில் சிவப்புக் கோடு விழுந்தால் அந்த வரி ரத்து என்று அர்த்தம். லோரிக்காரர் செராஸ் வரை போய், கடையில் ஒரு தே தாரிக் டீ குடித்துவிட்டு, ஒரு பெட்டியைக்கூட இறக்காமல் திரும்பி வந்துவிட்டார்.

"சிவப்பு அடிச்சா கேன்சல்தானே பாஸ்? எறக்க வேணாம்னு நெனச்சேன்" என்றார் அவர் அப்பாவியாக.

மேனேஜர் விளக்கம் கேட்டு ஆங்கிலத்தில் கடிதம் கொடுத்தார். மறுநாள் அண்ணன் அதை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார், மூன்று நிறத்திலும் கோடு போட்டு. விளக்கத்தைத்தான் காணோம். வேலை தப்பியது எந்தச் சாமி புண்ணியமோ!

மூன்றாவது தேர்வு வந்தது. அவருக்கு அதுதான் கடைசி. எனக்கு முதல் தடவை, சும்மா எழுதிப் பார்க்கலாம் என்று போனேன். காலியாக இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அது அண்ணனுக்குத்தான் என்று ஸ்டோர் முழுக்கப் பேச்சு.

கிள்ளான் அலுவலகத்தில் தேர்வு. வாசலிலேயே ஒரு பெண் அவருடைய சட்டைப் பையைப் பார்த்தார்.

"கறுப்புப் பேனா மட்டும்தான் அங்கிள். மத்ததெல்லாம் இங்க வச்சிட்டுப் போங்க."

பக்கத்து மேசையில் அண்ணனின் கை வெறும் சட்டைப் பைக்குப் போய்ப் போய்த் திரும்பியது. என் தாளிலோ, அத்தனை வருடம் சுவரெல்லாம் அவர் போட்ட கோடுகள் தாமாகவே நிறம் நிறமாக வந்து நின்றன. நான் மளமளவென்று எழுதினேன். வெளியே வந்ததும், "எல்லாம் ஒரே கலரா இருந்துச்சு தம்பி. ஒண்ணுமே அடையாளம் தெரியல" என்றார்.

நான் தேறினேன். அவர் தோற்றார். எனக்குச் சந்தோஷமே வரவில்லை, வெட்கம்தான் வந்தது. அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து, முடிவு வந்த அன்று காலை பெட்டிகளுக்குப் பின்னால் சரக்கு எண்ணுவதுபோல நின்றுகொண்டிருந்தேன். இரண்டு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களோடு தேடிக்கொண்டு வந்தார்.

"என்னா பாஸ், இங்க ஒளிஞ்சுக்கிட்டு? வாங்கலா, ஆறிப்போவுது."

ஏழு வருடம் எனக்குக் கீழே வேலை பார்த்துவிட்டு, ஓய்வு பெற்றுக் காப்பார் ஊருக்குப் போனார். அந்த ஏழு வருடமும், அவர் ஸ்டோருக்குள் நுழைந்தால் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவேன்.