தொட்டிலுக்கு ஒரு பேண்ட்சா

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மகள் நலம், வயிற்றிலிருக்கும் பிள்ளையும் நலம் என்று டாக்டரம்மா சொல்கிறார், என் வீட்டுக்காரியும் நலம். நான்தான் அவ்வளவு நலமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை; மெஷின் கவலை. நீங்களும் சம்பந்தியம்மாவும் அங்கே எந்தக் கவலையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் படித்து முடித்ததும் கொஞ்சம் வரும்.

நீங்கள் கடையில் பார்த்துவைத்திருக்கும் மரத் தொட்டிலின் படம் கிடைத்தது. தயவுசெய்து வாங்கிவிட வேண்டாம். இரண்டு குடும்பமும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, “பேரப்பிள்ளை படுக்கிற தொட்டில் என் கையால செஞ்சதாத்தான் இருக்கும்” என்று நான் சொன்னேன். நீங்கள் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, “பெட்டி விக்கிறவரு தொட்டில் செய்வாரா?” என்று கேட்டீர்கள். கோபமில்லை. ஆனால் நடைபாதையில் பை விற்க ஆரம்பித்து மாடிக்கடை வைத்தவனுக்கு ரோஷம் என்று ஒன்று இருக்குமா இல்லையா?

தொட்டிலின் நேர்ப் பலகைகள் எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டன. கீழே ஆடுவதற்கு வில் மாதிரி வளைந்த இரண்டு கால்கள் வேண்டுமே, அங்கேதான் வந்தது வினை. கைரம்பத்தால் அறுத்தேன். ஒன்று வில்லாக வந்தது, இன்னொன்று வெள்ளரிக்காயாக வந்தது. இருக்கட்டும் என்று பொருத்தி, பிள்ளைக்குப் பதில் அரிசிப் பையைப் படுக்கவைத்து லேசாகத் தட்டினேன். தொட்டில் ஆடவில்லை சம்பந்தி, நடந்தது. நடந்துபோய் வாஷிங் மெஷினில் முட்டி அரிசியைக் கவிழ்த்தது. கதவருகே நின்று பார்த்த உங்கள் மகள், “பரவால்ல மாமா, அரிசிதானே” என்றாள். அவள் கை வயிற்றின்மேல் இருந்தது. அன்றிலிருந்து எனக்குக் கண்ணை மூடினால் அரிசிதான் கொட்டுகிறது.

வளைவாக அறுப்பதற்கென்றே பேண்ட்சா என்று ஒரு மெஷின் இருக்கிறதாம். மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி ரப்பர் பேண்டு மாதிரி வளையமாக ஓடும் ரம்பம். பெரிய பட்டறைகளில் ஆளுயரம் நிற்கும். என் பட்டறையோ சமையலறைக்குப் பின்னால், வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே மிஞ்சிய இடம். ஆகவே மேசைமேல் வைக்கும் குட்டி மெஷின்தான் சரிப்படும். அந்தக் குட்டியிலும் ரம்பத்துக்கும் தூணுக்கும் நடுவில் இவ்வளவு இடம் வேண்டும், இவ்வளவு தடிமன் கட்டை நுழைய வேண்டும் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். சூட்கேஸ் என்றால் கைப்பிடியைத் தூக்கிப் பார்த்தே சக்கரம் எப்போது கழலும் என்று சொல்லிவிடுவேன். இதிலும் சக்கரம் இருக்கிறது. எனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை.

சரியென்று எங்கள் பழைய முறைப்படி வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு போனேன். சரக்கு எடுக்கப் போனால் நான் வாயைத் திறக்கமாட்டேன், அவள் குறை சொல்வாள், விலை தானாக இறங்கும். கடை வைத்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். ஆனால் அப்போதெல்லாம் சரக்கு எனக்குத் தெரியும். இப்போது தெரியாததால், அவள் சொன்ன குறையெல்லாம் வியாபாரியை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டது. பழைய மெஷின் விற்பவர் ஒருவர், வார்ப்பிரும்பு மேசை வைத்த மெஷின் ஒன்றை ஓடவிட்டார். கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை அதன்மேல் வைத்துவிட்டு இவள் ஆரம்பித்தாள்.

“என்னங்க இது, ரோட் ரோலருக்குப் பொறந்த குட்டி மாதிரி? பெயிண்ட் உரிஞ்சு கெடக்கு. இதை யாரு தூக்கறது?”

“கனம் இருந்தாதாம்மா அதிராது.”

“அதிராது, சரி. இவரு விரலு தப்புமா?”

“விரல அவருதாம்மா பாத்துக்கணும்.”

“கேட்டீங்களா, பொறுப்பு நம்ம தலைல!” என்றாள் என்னிடம்.

அவர் விலையை இறக்கிக்கொண்டே வந்தார். நான் விலையைக் கவனிக்கவில்லை, விரலை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அடுத்தது கண்ணாடிக் கதவு போட்ட கடை. சிவப்பு மெஷின், பளபளவென்று, தூக்கிப் போகக் கைப்பிடி, தலையில் குட்டி விளக்கு. இங்கேயும் பாட்டிலை வைத்தாள். மெஷினை ஓடவிட்டதும் அது தானாக விளிம்புக்கு வந்தது, நானே பிடித்துக் கொடுத்தேன். குறைக்காகக் காத்திருந்தேன். அவள் தெருவை வேடிக்கை பார்த்தாள். “என்ன சொல்ற?” என்றேன். “உங்க இஷ்டங்க” என்றாள். சம்பந்தி, இத்தனை வருஷத்தில் அவள் வாயையே அடைத்த சரக்கு இது ஒன்றுதான்! பேரம்கூடப் பேசாமல் வாங்கிவிட்டேன்.

நாளை காலை வண்டியில் வருகிறது. ஆகவே தொட்டில் உறுதி. கடைத் தொட்டிலை மறந்துவிடுங்கள். நான் இழைத்துவைத்த பலகைகளை நேற்று வீட்டுக்காரியிடம் காட்டினேன். “நல்லாத்தான் இருக்கு” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். அவள் வாயால் அப்படிக் கேட்பது எனக்கு வாழ்க்கையில் முதல் தடவை.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் குறையில்லாமல் வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
இன்றுவரை பத்து விரலோடும் இருக்கும்
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: இதை உறையில் போடுவதற்குள் மெஷின் வந்துவிட்டது. நான் கோடு போட்டுக் கொடுத்தால், அது தனக்குத் தோன்றிய பாதையில் போகிறது. அறுக்கும்போது மேசைமேல் நகர்கிறது வேறு. கடைக்குப் போன் செய்தேன். விற்ற சரக்கைத் திரும்ப வாங்குவதில்லையாம். என் கடையிலும் அதையே எழுதிய பலகைதான் தொங்குகிறது, எந்த வாயால் சண்டை போடுவது? “நீ ஒரு குறையும் சொல்லலையே?” என்று வீட்டுக்காரியிடம் பாய்ந்தேன். “வாங்க வேண்டிய சரக்கத்தானேங்க குறை சொல்லுவேன்? வேண்டாததுக்கு எதுக்கு வாய் வலிக்கப் பேசணும்? அந்த ரோட் ரோலர் மேல பாட்டில் அசையவே இல்ல. இத்தன வருஷமா இது உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்!” என்றாள். பழைய மெஷின்காரரிடம் ஓடினேன். அதை யாரோ எடுத்துப் போய்விட்டார்களாம். என் பலகைகள் ‘நல்லாத்தான்’ இருப்பதைப் பற்றி நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. உங்கள் கடைத் தொட்டிலின் படத்தை நீட்டினேன். “கால் குட்டை, பாலிஷ் ஜாஸ்தி, இந்தக் கலர்ல அழுக்கு அப்பட்டமாத் தெரியும், கைப்பிடியப் பாருங்க கரண்டிக் காம்பு மாதிரி” என்று மூச்சுவிடாமல் அடுக்கினாள். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு, அதை உடனே வாங்கிவிடுங்கள் சம்பந்தி. இன்னொன்று: உங்களைப் பற்றி அவள் சொல்லாத குறையே கிடையாது. சந்தோஷப்படுங்கள்.